பதினேழு

பெயர்ப்பலகையில் பெரிய பெயர் இருக்கிறது.
முதுநகரில் யாரும் அதைச் சொல்வதில்லை.
மல்லாட்டைப் பள்ளிக்கூடம் என்றால்
ஷேர் ஆட்டோ சரியாக வந்து நிற்கும்.

நூற்றாண்டு மலருக்கு அரைப் பக்கம் கேட்டார்கள்:
"பள்ளி வரலாறு. சுருக்கமாக. வியாழனுக்குள்."
பழைய பீரோவின் சாவி என்னிடம் இருப்பதால்
வரலாறும் என்னிடம் இருக்கும் என்ற எண்ணம்.

இருந்தது, கொஞ்சம்.
கப்பலேறும் மல்லாட்டைக்கு
மீராசா மரைக்காயர் கட்டிய கிடங்கு.
விலை விழுந்த வருஷம் பாதி காலி.
அந்தப் பாதியில் இருபத்துமூன்று பையன்கள்,
சாக்கு விரித்த தரை,
ஒரே வாத்தியார், கோதண்டபாணி ஐயர்.
மீதிப் பாதியில் மூட்டைகள், எலிகள்.
மரைக்காயர் கைப்பட ஒரு கடிதம்:
"வாடகை வேண்டாம். ஆனால்
பள்ளிக்கூடம் வந்த பிறகு என் எலிகள்
தோலை உரித்துத் தின்னப் பழகியிருக்கின்றன."

இதை அச்சில் போடுவார்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக் காலையில்
கிழக்குச் சுவர் விரிசலில்
ஆளுக்கொரு மல்லாட்டை செருகுவதையும் போடுவார்கள்.
இரண்டு பருப்பென்றால் பாஸ்,
மூன்றென்றால் நானூறுக்கு மேல்.
காதோரம் ஆட்டிப் பார்த்துப்
பொக்கென்று தெரிந்தவன்
பெருமாளையும் மாதாவையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொண்டு
தேர்வறைக்குப் போவான்.
மார்ச் மாதம் எப்போது வருமென்று
அணில்களுக்குத் தெரியும்.

பதினேழு வேறு.

எந்த வகுப்பிலும் அந்த எண் யாருக்கும் கிடையாது.
வருகை எடுக்கையில் பதினாறுக்கு அடுத்து
ஒரு மூச்சு நிறுத்துவார்கள்.
மொத்த வகுப்பும் சொல்லும்: உள்ளேன் ஐயா.
டீச்சர் எடுத்தாலும் அதற்கு மட்டும் ஐயாதான்.

பெண்களைச் சேர்த்த மூன்றாம் வருஷம்
ஆறாம் வகுப்பில் நான் பதினெட்டு.
அந்த இரைச்சல் அடங்குமுன்
என் முறை வந்துவிடும்.
ஐந்து வருஷம் என் 'உள்ளே'னை
யாரும் தனியாகக் கேட்டதில்லை.
ஒருநாள் வாயை மட்டும் அசைத்தேன்.
வந்ததாகத்தான் போட்டார்கள்.

யார் அவன் என்றால்
புயலில் போனவன் என்பார்கள்,
கெடிலத்து வெள்ளம் என்பார்கள்,
ரங்கூன், சிறை, தூக்கு,
பெஞ்சுக்கு ஒரு கதை.

பீரோவின் அடித்தட்டில்
தானே புயலில் நனைந்து
அப்பளமாய்க் காய்ந்த பதிவேடு.
பதினேழு: அஞ்சாப்புலி. சோனாங்குப்பம்.
ஜூலையில் பதினொரு நாள் வரவில்லை.
நீல மையில் சட்டாம்பிள்ளையின் கோணல் எழுத்து:
படகுக்கூலி இல்லையாம். காலணா.
அதன்கீழ் சிவப்பில், அவசரமாக:
"கூலி நான் தருகிறேன். எண்ணை அடிக்காதே.
எல்லாருமாகப் போய்க் கூப்பிடுங்கள்."

அடுத்த தாளைக் கரையான் தின்றிருந்தது.

வந்தானா, தெரியாது.
உப்பனாற்றின் அக்கரையில் நின்று
மணிச்சத்தத்தை எண்ணியிருக்கலாம்.
வலை இழுக்கப் போய்
பள்ளிக்கூடத்தை மறந்தே போயிருக்கலாம்,
சந்தோஷமாக.
கூப்பிடச் சொன்னதைப் பையன்கள்
எந்த நாளில்
பதிலாகவே சொல்லத் தொடங்கினார்கள் என்பதும்
கரையானுக்குத்தான் வெளிச்சம்.

போன வருஷம் வருகை கைப்பேசிக்குப் போனது.
செயலிக்கு மூச்சு நிறுத்தத் தெரியவில்லை.
ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவில்
பதினேழு இப்போது மகிழினி என்றொரு பெண்.
தன் பெயருக்கு முப்பத்தெட்டுப் பேர் கத்துகிறார்களே என்று
முதல் வாரம் முழுக்க அழுதாள்.
இப்போது காய்ச்சலோடும் வருகிறாள்.

நேற்று மலர்க்குழுத் தலைவர் போனில் கேட்டார்:
"அந்தப் பதினேழு யாருன்னு கண்டுபுடிச்சிட்டீங்களாமே.
தியாகிங்களா?"

காலணா, என்றேன்.

லைன் சரியில்லை என்று
வைத்துவிட்டார்.